டிவி விவாதத்துக்குப் பள்ளி மைதானத்தைக் கொடுக்கப் போகிறீர்களா?

பள்ளியில் எந்த வேலை யாருடைய வேலையும் இல்லையோ, அது பி.டி. மாஸ்டருடைய வேலை. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் ஒரு செய்திச் சேனலின் தேர்தல் விவாதம் என் தலையில் வந்து விழுந்ததும் அப்படித்தான். கும்பகோணத்தில் அரசு உதவிபெறும் பள்ளி எங்களுடையது. மேடையில் கட்சிக்கு ஒருவர், எதிரே பொதுமக்கள், மார்ச் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் ஒளிப்பதிவு. "இடம் மட்டும் கொடுங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று தாளாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னபடி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டார்கள். பள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேப்பர் வேலை. பள்ளி மைதானத்தில் அரசியல் கூட்டம் நடத்தத் தேர்தல் ஆணையம் அனுமதிக்கிறது, ஆனால் நிபந்தனைகள் உண்டு. படிப்புக்கும் தேர்வுக்கும் இடைஞ்சல் வரக்கூடாது. நிர்வாகத்தின் சம்மதமும் கோட்ட அளவிலான அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும். முதலில் கேட்டவருக்கு முதலில், ஒரே கட்சி வளைத்துப் போடக்கூடாது. விவாதம் கூட்டமா நிகழ்ச்சியா என்று வாதம் செய்துகொண்டிருக்காமல் அதே வழியில் போய்விடுங்கள். அனுமதி வாங்குவது சேனலின் பொறுப்பு; பள்ளி கொடுப்பது சம்மதக் கடிதம் மட்டும். அந்தக் கடிதத்தில் "இதே நிபந்தனையில் யார் கேட்டாலும் தருவோம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மறுநாளே இன்னொரு கட்சியின் வட்டச் செயலாளர் வந்து நின்றபோது அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது.

எந்த அலுவலகம் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம், தொகுதியோ மயிலாடுதுறை. தேர்தல் நடத்தும் அலுவலர் அந்தப் பக்கம், நம் சட்டமன்றப் பகுதிக்கான உதவி அலுவலர் இந்தப் பக்கம். இது தெரியாமல் சேனல் பையன் ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் அலைந்தான்.

தேதி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் தேர்வு மையம் இல்லை என்பதால்தான் நான் சரி என்றேன். மையமாக இருந்தால் பேச்சையே எடுக்காதீர்கள். இன்னொன்று, வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் விஷயத்தை டிவியில் காட்ட முடியாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 126ஆம் பிரிவு. "ரெண்டு நாள் தள்ளிப் போடுவோம்" என்று ஆரம்பிப்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் ஒன்பதுக்கு முடிக்கிற மாதிரி திட்டம் போடச் சொல்லுங்கள். எப்படியும் ஒன்பதரை ஆகும்.

பிள்ளைகள் இதில் எங்குமே வேண்டாம். தாளாளருக்கு பேண்டு வாத்திய வரவேற்பு வைக்க ஆசை. மாணவிகள் ரோஜாப்பூ கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். தேர்தல் வேலையில் குழந்தைகளைப் பயன்படுத்தக்கூடாது என்று அந்த வருடம் பிப்ரவரி 5ஆம் தேதிதான் ஆணையம் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. செய்தித்தாளைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். ரோஜாப்பூ ரத்தானது. ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன். நாமே வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறவர்கள். கைதட்டும் முகம் ஒரு தடவை கேமராவில் வந்துவிட்டால் அப்புறம் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது நிறம். சிரிக்காதீர்கள், எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தது இதுதான். நம் ஊரில் நிறத்துக்கெல்லாம் கட்சி உண்டு. சாமியானாக்காரர் மேடைக்குப் பின்னால் கட்டியது கறுப்பும் சிவப்புமான துணி. அவரிடம் நல்லதாக இருந்தது அதுதான். அதை அவிழ்த்தால் அடுத்த துணி காவி. அதையும் அவிழ்த்தால் பச்சை. கடைசியில் ஆண்டு விழா நாடகத்துக்கு வைத்திருந்த சாம்பல் நிறத் திரையை எடுத்துக் கட்டினோம். மேஜை விரிப்பு, பூச்சட்டி, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் கேமரா நிற்கிற இடத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். எங்கள் வகுப்பறைக் கட்டடம் ஒன்றில் எம்.பி. நிதி என்று பெயரோடு கல்வெட்டு இருந்தது. அதைப் பிரவுன் பேப்பரால் மூடினோம். கேட்டில் கட்சித் துண்டைக் கழற்றி வைக்கச் சொல்லிவிடலாம். கரை வேட்டியை என்ன செய்வது? அதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

கரண்டை நம் இணைப்பிலிருந்து கொடுக்காதீர்கள். விளக்குகளுக்கு மொத்தம் எத்தனை கிலோவாட் என்று எழுத்தில் கேளுங்கள், கேட்டுவிட்டு அவர்களையே ஜெனரேட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். சத்தம் குறைந்த வகை என்றாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ பார்த்து மைதானத்தின் கோடியில் நிறுத்துங்கள். ஓபி வேன் (நேரலைக்கான கருவிகளோடு வரும் பெரிய வண்டி) வருமானால் நுழைவாயில் வளைவின் உயரத்தை நாடாவால் அளந்து சொல்லுங்கள். கண் அளவில் "வந்துடும் சார்" என்பதை நம்ப வேண்டாம். நேரலை என்றால் சிம் கார்டை மட்டும் நம்பவும் வேண்டாம். 500 பேர் செல்போனோடு உட்கார்ந்தால் சிக்னல் திணறும். கம்ப்யூட்டர் லேபின் ஃபைபர் இணைப்பை நீட்டித் தரலாம்.

சத்தங்களைக் குறித்து ஒரு பட்டியல் போட்டு நெறியாளரிடம் கொடுங்கள்: சாயரட்சை மணி, பாங்கு, ரயில் ஹாரன். எல்லாம் எழுதிய நான் எங்கள் பள்ளி மணியை மறந்துவிட்டேன். விடுதிப் பிள்ளைகளுக்காக ஏழு மணிக்குத் தானாக அடிக்கிற மின்சார மணி. ஒரு பேச்சாளர் மேஜையைத் தட்டி "இதற்கு உங்கள் பதில் என்ன?" என்று கேட்ட அடுத்த நொடி அடித்தது. கூட்டம் சிரித்ததில் பதில் சொல்ல வேண்டியவர் தப்பித்துக்கொண்டார்.

கூட்டத்தைப் பொறுத்தவரை, எல்லாக் கட்சிக்கும் ஒரே எண்ணிக்கையில் பாஸ். ஒரு கட்சி ஆட்களை ஒரே கட்டாக உட்காரவைத்துப் பக்கத்திலேயே அடுத்த கட்டை வைக்காதீர்கள். நடுவில் வியாபாரிகள், விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஐந்தைந்தாகச் சேர்த்துக் காலில் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். கட்டிய நாற்காலியைத் தூக்கி எறிய ஐந்து பேர் ஒற்றுமையாக எழுந்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் அது நடக்காது. தண்ணீர் பாட்டிலில் வேண்டாம், பேப்பர் கப்பில் கொடுங்கள். பேச்சாளர்கள் வெளியேறத் தனி வழி விடுங்கள்; நாங்கள் ஆசிரியர் அறை வராண்டாவை விட்டோம். இன்ஸ்பெக்டரை நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே அழைத்து அந்த வழியில் நடத்திக் காட்டுங்கள்.

பணம் வங்கி வழியாக மட்டும். தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கணக்குக் காட்டாமல் ரொக்கமாகக் கொண்டுபோனால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். சாமியானாக்காரருக்குச் சம்பளம் கொடுக்கப் போகிற பையனைப் பாலத்தில் நிறுத்திவிட்டால் யார் ஓடுவது? நான்தான். சேத முன்பணத்தையும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

எல்லாரும் போனபிறகு ஒரு வேலை இருக்கிறது, இதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மேடை பிரித்த இடத்தில் ஆணி, கம்பித் துண்டு, குண்டூசி எல்லாம் மண்ணில் புதைந்து கிடக்கும். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு கபடி ஆடுகிறவர்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் இரண்டை ஒரு கழியில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏர் ஓட்டுகிற மாதிரி நீளத்தில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை இழுத்தேன். ஒரு டீ டம்ளர் நிறையக் கிடைத்தது. திங்கட்கிழமையும் ஒருமுறை இழுத்தேன். இன்னும் பதினொன்று.