கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: நேரக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

தென்கொரியாவில் ஒரு ஹாக்வானின் (தனியார் டியூஷன் நிலையத்தின்) ஒப்பந்தத்தைக் கையில் வாங்கினால், நடுவில் எங்கோ "மாதம் 120 மணி நேரம் கற்பித்தல்" என்று ஒரு வரி இருக்கும். சம்பளத்தைப் பார்ப்போம், வீட்டு வாடகை அவர்கள் கொடுக்கிறார்களா என்று பார்ப்போம், விமான டிக்கெட்டைப் பார்ப்போம். இந்த வரியை மட்டும் சும்மா தாண்டிப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் தாண்டினேன். வாரத்துக்கு 30 மணி நேரம்கூட வராதே என்று உள்ளூர ஒரு சந்தோஷம் வேறு.

அங்கே ஒரு வகுப்பு பெரும்பாலும் 40 நிமிடம். ஒப்பந்தத்தில் இருக்கும் "மணி நேரம்" ஒரு வகுப்பைக் குறித்தால் மாதத்துக்கு 120 வகுப்புகள். 21 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு ஆறுகூட இல்லை. அதே சொல் கடிகார மணியைக் குறித்தால் 7,200 நிமிடம், அதாவது 180 வகுப்புகள். நாளுக்கு எட்டரை. சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது வாரம் டைம் டேபிளில் வரிசையாக எட்டு வகுப்புகளைப் பார்த்துவிட்டு எங்கள் இயக்குநரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவே இல்லை. கால்குலேட்டரை எடுத்து எட்டையும் நாற்பதையும் பெருக்கினார், அறுபதால் வகுத்தார். "ஐந்தரை மணி நேரம்கூட வரவில்லையே" என்றார். அப்புறம் அதை 21-ஆல் பெருக்கி 112 என்று காட்டினார். கணக்குப்படி நான்தான் அவருக்கு மாதம் எட்டு மணி நேரம் பாக்கி.

கையெழுத்துப் போடும் முன்பு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும்: "மணி நேரம் என்று நீங்கள் எழுதியிருப்பது 60 நிமிடமா, ஒரு வகுப்பா?" பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். வீடியோ அழைப்பில் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

முதலில் பாஸ்போர்ட்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வழக்கமாகத் தரப்படுவது இ-2 விசா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அது. டொரன்டோவிலும் சிட்னியிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் போவது இந்த வழியில்தான். இந்தியக் குடிமக்களுக்கு 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் இருந்தால் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம், ஹாக்வானில் சேர முடியாது. "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், டைம் டேபிளைப் பற்றியெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், போனை வைத்துவிடலாம்.

கற்பிக்கும் நேரம் வேறு, வேலை நேரம் வேறு

ஹாக்வான் என்பது தனியார் டியூஷன் நிலையம். நம் ஊர் டியூஷன் சென்டர் போலத்தான், ஆனால் ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்கு மாடி அதுவாகவே இருக்கும். அரசுப் பள்ளி வேலை இன்னொரு உலகம். அதற்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் 1995-இல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டம்.

எபிக் ஒப்பந்தத்தில் கற்பிக்கும் நேரம் வாரத்துக்கு 22. இங்கே "நேரம்" என்பது ஒரு பீரியட். தொடக்கப் பள்ளியில் அது 40 நிமிடம், நடுநிலையில் 45, உயர்நிலையில் 50. ஆகவே தொடக்கப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் நிற்பது வாரத்துக்கு 14 மணி 40 நிமிடம், உயர்நிலை ஆசிரியர் 18 மணி 20 நிமிடம். கேட்பதற்கு சொர்க்கம். ஆனால் பள்ளியில் இருக்க வேண்டியது நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பது. மீதி நேரத்தில் பாடம் தயாரிப்பு, பெற்றோரும் மற்ற ஆசிரியர்களும் வந்து பார்க்கும் திறந்த வகுப்பு, விடுமுறை ஆங்கில முகாமுக்கான திட்டம் எல்லாம் வரும். பல தொடக்கப் பள்ளிகளில் புதன்கிழமை பிற்பகலில் ஆசிரியர்கள் வாலிபால் ஆடுவார்கள். இது எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. ஆனால் போகாமல் இருந்தால் கவனிப்பார்கள். எனக்கு வாலிபால் வராது, இருந்தும் போனேன். பள்ளியில் எனக்கு நண்பர்கள் கிடைத்தது அந்த மைதானத்தில்தான்.

பாடம் தயாரிக்கும் நேரத்தை எதிலும் சேர்க்காத இடம் ஹாக்வான். மாதக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். சில இடங்களில் மாணவர்களை வீட்டுக்குப் போனில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். நூறு பிள்ளைகள் இருந்தால் அதுவே எட்டு மணி நேரத்துக்கு மேல். இதெல்லாம் "கற்பித்தல்" கணக்கில் வராது. ஆகவே இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள்: வகுப்புகள் எத்தனை, கட்டடத்துக்குள் நான் இருக்க வேண்டியது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை.

சாப்பாட்டு நேரம் யாருடையது?

கொரியத் தொழிலாளர் சட்டப்படி நான்கு மணி நேர வேலைக்கு அரை மணி நேரமும் எட்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரமும் இடைவேளை தர வேண்டும். அந்த நேரம் ஊழியருடையது. வெளியே போகலாம், தூங்கலாம். அதற்குச் சம்பளம் கிடையாது என்பதால்தான் அது முழுக்க நம்முடையது.

ஆங்கிலக் கிண்டர்கார்டன் என்ற பெயரில் நடப்பவையும் சட்டத்தின் கண்ணில் ஹாக்வான்தான். அங்கே பிள்ளைகளுடன் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். ஒருவனுக்குக் கிம்ச்சி காரம், இன்னொருவன் சூப்பைக் கொட்டிவிட்டான், மூன்றாமவள் எதையும் தொடவே இல்லை. அது இடைவேளை இல்லை, வேலை. ஒப்பந்தத்தில் "மதிய உணவு இடைவேளை ஒரு மணி நேரம்" என்று எழுதியிருந்தால், அந்த நேரம் பிள்ளைகள் யார் பொறுப்பில் இருப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். பேருந்தில் ஏற்றிவிடும் வேலையும் இப்படித்தான் சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

பலரும் கவனிக்காத இடம் இது. ஹாக்வானின் சாதாரண நாள் பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது, பத்து வரை போகும். பிள்ளைகள் பள்ளி முடிந்த பிறகுதானே வர முடியும். சியோலில் ஹாக்வான்கள் இரவு 10 மணிக்கு மூடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2009-இல் அரசமைப்பு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. இரவு மூடும் நேரத்துக்கு நீதிமன்றம் வரை போன ஊர் என்றால் படிப்பின் பிடி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கோடையிலும் ஜனவரியிலும் பள்ளிகளுக்கு விடுமுறை. பள்ளி மூடினால் ஹாக்வானுக்கு அறுவடை. காலையிலும் சிறப்பு வகுப்புகள் தொடங்கிவிடும். "இன்டென்சிவ்" என்பார்கள். மாலை வகுப்புகள் அப்படியே இருக்க, காலை பத்து மணிக்கே நீங்கள் அங்கே நிற்பீர்கள். நேர்காணல் நடப்பது பெரும்பாலும் சாதாரண மாதத்தில். அவர்கள் அனுப்பும் மாதிரி டைம் டேபிளும் சாதாரண மாதத்துடையதுதான். பொய் இல்லை, ஆனால் முழுக்கதையும் இல்லை. மாதிரி அட்டவணை இரண்டு கேளுங்கள்: அக்டோபருக்கு ஒன்று, ஜனவரிக்கு ஒன்று.

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஹாக்வானில் சிக்கல் வேறு மாதிரி. மாணவர்கள் அலுவலகம் போகிறவர்கள். அதனால் காலை ஏழு முதல் பத்து, பிறகு மாலை ஆறு முதல் பத்து. மொத்தம் ஏழு மணி நேரம்தான். ஆனால் விடியற்காலையில் எழுந்து நள்ளிரவில் படுக்க வேண்டும். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரத்தில் தூங்கவும் முடியாது, எங்கும் போகவும் முடியாது. இளம் வயதில் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். நான் பார்த்தவரை நான்காவது மாதத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இருமினார்கள்.

ஓவர்டைமை மாதத்துக்கு என்று ஒப்புக்கொள்வது

"மாதம் 120-க்கு மேல் போனால் கூடுதல் ஊதியம்" என்ற வரி நியாயமாகத் தெரியும். கொரிய அறுவடைத் திருநாளான சூசோக் வரும் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் விடுமுறை. மீதி 18 நாட்களில் தினம் எட்டுக்குப் பதில் பத்து வகுப்பு வாங்கினாலும் மாத மொத்தம் 120 மணி நேரத்தைத் தாண்டாது. வேலை பிழிந்த வாரத்தை விடுமுறை வாரம் விழுங்கிவிடும். கையில் ஒரு வோன்கூட (கொரிய நாணயம்) கூடுதலாக வராது. 2022 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அரசு விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும். ஆகவே அந்த மூன்று நாள் வகுப்புகளும் நடந்ததாகவே கணக்கில் வர வேண்டும் என்று கேட்க இடம் உண்டு. அதைவிட நல்லது, உச்சவரம்பை நாளுக்கும் வாரத்துக்கும் எழுதி வாங்குவது.

அந்த ஐந்து பேர் என்ற எண்ணையும் கவனியுங்கள். நாற்பது மணி நேரத்துக்கு மேலான வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம், வாரத்துக்கு 52 மணி நேர உச்சவரம்பு, சட்டப்படியான ஆண்டு விடுப்பு எல்லாம் ஐந்து பேர் முதல்தான் முழுமையாகப் பொருந்தும். ஓர் இயக்குநர், இரண்டு ஆசிரியர், ஒரு வரவேற்பாளர் என்று இருக்கும் சின்ன ஹாக்வான் குடும்பம் போல அன்பாக இருக்கலாம். ஆனால் இந்தச் சட்டக் குடை அங்கே பாதிதான் விரியும்.

3.3 சதவீதம் என்ற சிறிய எண்

சில ஹாக்வான்கள் ஆசிரியரை ஊழியராகக் காட்டாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டும். சம்பளச் சீட்டில் 3.3 சதவீத வரி மட்டும் பிடித்திருந்தால், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லாமல் இருந்தால், அதுதான் அடையாளம். கையில் கொஞ்சம் கூடுதலாக வருகிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஓர் ஆண்டு முடித்தால் கிடைக்க வேண்டிய ஒரு மாதச் சம்பளப் பணிக்கொடை, ஓவர்டைம், விடுப்பு மூன்றுக்கும் ஊழியர் என்ற நிலைதான் அடிப்படை. உங்கள் நேரத்தை அவர்கள் நிர்ணயிக்கிறார்கள், பாடப்புத்தகம் அவர்களுடையது, வரவேண்டிய இடம் அவர்களுடையது என்றால் காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீங்கள் ஊழியர்தான் என்று கொரிய நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆனால் தீர்ப்பு வரை போக யாருக்குப் பொழுது இருக்கிறது? முதல் சம்பளச் சீட்டிலேயே பார்த்துக் கேட்பது எளிது.

ஜப்பானிலும் இதற்கு ஒரு சித்தப்பா மகன் உண்டு. பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்ற விசித்திரமான எண் பல ஆண்டுகள் ஓடியது. முப்பதைத் தொட்டால் முழுநேர வேலையில் முக்கால் பங்கு ஆகிவிடும், சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டிவரும். அந்த அரை மணி நேரம் யாருக்காகக் குறைக்கப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

காலி நேரத்தை நிரப்புவது

அரசுப் பள்ளியில் விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், நீங்கள் இருப்பீர்கள். விடுப்பு எடுக்காத நாட்களில் ஆளில்லாத ஆசிரியர் அறையில் எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். அங்குள்ளவர்கள் இதை "டெஸ்க் வார்மிங்" என்பார்கள், நாற்காலியைச் சூடாக்குவது. அதற்காகப் புலம்புகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. நான் கொரிய எழுத்து படித்தது அந்த நாட்களில்தான்.

ஆனால் அந்தக் காலி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தனியாக டியூஷன் எடுக்கலாமே என்று தோன்றினால், வேண்டாம். இ-2 விசா உங்களை அழைத்த இடத்தோடு கட்டப்பட்டது. வேறு இடத்தில் கற்பிக்க முன் அனுமதி வேண்டும். தனி டியூஷன் சட்டவிரோதம், அபராதத்தோடு நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்குப் போகும்.

எதற்கும் உங்கள் டைம் டேபிளை வாரா வாரம் போனில் படம் எடுத்து வையுங்கள். சுவரில் ஒட்டும் தாள் வெள்ளிக்கிழமை மாறிவிடும், திங்கட்கிழமை பழையது குப்பையில் இருக்கும். ஊதிய பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டு வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி எண் 1350.

வேலையில் சேரும் முன்பு அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரிடம் பேச விடுவார்கள். முதல் முறை நான் "இடம் நல்ல இடமா?" என்று கேட்டேன். நல்ல இடம் என்றார். பக்கத்தில் இயக்குநர் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த வேலைக்கு முன்பு வேறு ஓர் ஆசிரியரிடம் தனியாகப் பேசினேன். "போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "போன செவ்வாய் ஆறு மணிக்கு. ஜனவரிச் செவ்வாயைக் கேட்காதீர்கள்" என்றார். கேட்டேன்.