வயல்வரப்பில் ஓர் உணவுச் சங்கிலி: வரைந்து கற்கும் முறை

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உணவுச் சங்கிலியைக் கற்பிக்கச் சிங்கமும் மானும் தேவையில்லை. ஆளியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயலின் வரப்பே போதும். ஒரு அட்டை, பென்சில், கொஞ்சம் நூல், ஒரு லிட்டர் தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வரப்பில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, எது எதைத் தின்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நெற்பயிரின் இலையை ஓரத்திலிருந்து அரித்துத் தின்னும் வெட்டுக்கிளி எளிதில் கண்ணில் படும். அதைத் தவளை பிடிக்கும், தவளையைத் தண்ணீர்ப்பாம்பு விழுங்கும் (மலையாளத்தில் இதை நீர்க்கோலி என்பார்கள், பிள்ளைகளுக்கு இரண்டு பெயரும் தெரிந்திருக்கும்). சிறு பாம்புகளை மயில் கொத்தித் தின்னும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. பார்க்காதவற்றை நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.

அடுத்து, சூரியனில் தொடங்கி அம்புக்குறியிட்டு எழுதுங்கள்:

சூரியன் → நெற்பயிர் → வெட்டுக்கிளி → தவளை → தண்ணீர்ப்பாம்பு → மயில்

பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது இந்த அம்புக்குறியில்தான். தவளை வெட்டுக்கிளியைத் தின்பதால், தவளையிலிருந்து வெட்டுக்கிளியை நோக்கி அம்பு போட்டுவிடுகிறார்கள். அம்பு யார் யாரைத் தாக்குகிறார் என்பதைக் காட்டுவதன்று. உணவிலுள்ள ஆற்றல் எந்த உடலுக்குள் போகிறது என்பதைக் காட்டுவது. "சோறு யார் வயிற்றுக்குப் போகிறது?" என்று கேட்டால் உடனே திருத்திக்கொள்வார்கள்.

மூன்றாவதாகத் தண்ணீர். நெற்பயிர் சேர்த்துவைத்த ஆற்றல் ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்கிளிக்கு 100 மில்லி, தவளைக்கு மருந்துப் புட்டியின் அளவு மூடியால் 10 மில்லி, பாம்புக்கு 1 மில்லி, மயிலுக்கு ஏறத்தாழ இரண்டு சொட்டு என்று ஊற்றிக் காட்டுங்கள். மீதி எங்கே போனது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: ஒவ்வோர் உயிரும் மூச்சுவிடவும் நகரவும் செலவழித்து வெப்பமாக வெளியேறியது ஒரு பங்கு, தின்னப்படாமலும் செரிக்காமலும் போனது இன்னொரு பங்கு. ஏறத்தாழ 10 விழுக்காடே அடுத்த நிலைக்குச் செல்கிறது என்னும் இந்தக் கணக்கு, 1942-இல் கட்டுரை வெளியான அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் லிண்டிமனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இது தோராயக் கணக்குதான். ஆயினும் வயலில் ஆயிரக்கணக்கில் வெட்டுக்கிளியும் விரல்விட்டு எண்ணுமளவு மயிலும் இருப்பது ஏன் என்பது அந்த இரண்டு சொட்டிலேயே விளங்கிவிடும்.

இப்போது அட்டையில் எழுதிய தவளையை அழித்துவிட்டு, என்ன நடக்கும் என்று கேளுங்கள். இது கற்பனைக் கேள்வியன்று. ஒரு காலத்தில் தவளைக் கால்கள் கொச்சி வழியாகவும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயின. பூச்சிகளைத் தின்னும் தவளைகள் வயல்களில் குறைகின்றன என்ற கவலையும் சேர்ந்து, 1987-இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடைசெய்தது.

செத்த மயிலையும் உதிர்ந்த இலையையும் மண்புழு, பூஞ்சை, பாக்டீரியா ஆகியவை மட்கச் செய்வதால் சத்துகள் மண்ணுக்குத் திரும்புகின்றன; ஆற்றல் மட்டும் திரும்புவதில்லை, அதைச் சூரியன்தான் நாள்தோறும் புதிதாகத் தரவேண்டும்.

கடைசியாக, நூலை எடுத்து மற்ற உறவுகளையும் ஒட்டுங்கள். கொக்கு தவளையையும் தின்னும், வெட்டுக்கிளியையும் தின்னும். மயிலோ நெல்லையே கொத்தும். சங்கிலி வலையாக மாறி அட்டையில் இடம் போதாமற்போனால், பின்பக்கத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.