மாதிரி ஐ.நா. மாநாட்டுக்குத் தயாராகிறீர்களா? முதலில் நாடுகள் வாக்களித்த விவரத்தைப் பாருங்கள்

மாதிரி ஐ.நா. என்பது மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக நின்று ஐ.நா. போலவே விவாதித்துத் தீர்மானம் எழுதும் மாநாடு. அதில் உங்களுக்கு ஒரு நாடு ஒதுக்கப்பட்டதும் அதன் தலைநகர், மக்கள்தொகை, ஏற்றுமதி என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்க உட்காராதீர்கள். விவாதத்தில் அதெல்லாம் பெரிதாகக் கைகொடுக்காது. ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் உங்கள் தலைப்பைத் தேடி, அந்த நாடு எப்படி வாக்களித்திருக்கிறது என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

உதாரணமாக, குடிநீரும் கழிப்பறை போன்ற சுகாதார வசதியும் மனித உரிமை என்று 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 122, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, ஆனால் 41 நாடுகள் நடுநிலை வகித்தன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா எல்லாம் அந்த 41-இல் உண்டு. தண்ணீர் உரிமையே கூடாது என்பதாலா? இல்லை. இதே விஷயம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் பேசப்பட்டுவரும்போது பொதுச்சபையில் அவசரம் எதற்கு என்பதே அமெரிக்கா சொன்ன காரணம். இப்படி நாடுகள் தரும் விளக்கம் அன்றைய கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலேயே இருக்கும். அதைத் தவறாமல் படியுங்கள். எதிரணி குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல இதைவிட நல்ல துணை இல்லை.

தீர்மானம் எழுதும்போது ஒன்று: பொதுச்சபை உறுப்பு நாடுகளுக்கு ‘உத்தரவிடுகிறது’ என்று எழுதாதீர்கள். ‘கேட்டுக்கொள்கிறது’, ‘வலியுறுத்துகிறது’ என்பதே சரி. கூடவே, வேலையை யார் செய்வது, பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.