பழைய முடிவுகளை ஆன்டாலஜில பதியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்டாலஜின்னா என்னென்ன வகை விஷயம் இருக்கு, அதுங்களுக்குள்ள என்னென்ன உறவுன்னு சொல்ற மாடல்; அதை வச்சு ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு நோடா போட்டு, உறவுகளால இணைச்சு வைக்கறதுதான் கிராஃப். யார் முடிவெடுத்தாங்க, எந்த தேதில எடுத்தாங்கன்னு கிராஃப்ல போடுறது பெரிய வேலையே இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து "அந்த இன்னொரு ஆப்ஷனை ஏன் வேணாம்னு விட்டீங்க"ன்னு கேக்கும்போதுதான் தெரியும், நாம பதிஞ்சு வச்சதுல அதுக்கு பதிலே கிடையாதுன்னு. என் பார்வைல அந்த "ஏன்"க்கு பதில் சொல்ற மாதிரி மாடல் பண்ணலைன்னா இவ்ளோ மெனக்கெடவே வேணாம், ஒரு எக்செல் ஷீட்டே போதும்.

இந்த வேலைக்கு பெரும்பாலும் எடுக்கறது ப்ராவ்-ஓ (PROV-O), ஒரு விஷயம் எங்கருந்து, யாரால, எப்படி வந்துச்சுங்கற ப்ராவனன்ஸை பதியற ஆன்டாலஜி, வெப் ஸ்டாண்டர்டுகளை வகுக்கற டபிள்யூ3சி 2013 ஏப்ரல்ல ஸ்டாண்டர்டா வெளியிட்டது. அடிப்படை மூணுதான்: என்டிட்டி (பொருள்), ஆக்டிவிட்டி (செயல்), ஏஜென்ட் (அதுக்கு பொறுப்பான ஆள்). முதல் சறுக்கலே இங்கதான். நாம "முடிவு எடுத்தோம்"னும் சொல்றோம், "அந்த முடிவு இன்னும் அமல்ல இருக்கு"ன்னும் சொல்றோம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை, அதனால கிராஃப்லயும் ஒரே நோடா போட்டுடறோம். முடிவெடுத்தது ஒரு ஆக்டிவிட்டி, அதுக்கு ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம் இருக்கு, அதுல கலந்துகிட்ட ஆளுங்க இருக்காங்க. அதுலருந்து பிறந்த தீர்மானம் ஒரு என்டிட்டி, அதை பின்னாடி மாத்தலாம், ரத்து பண்ணலாம். ப்ராவ்ல ஒரே பொருள் இந்த ரெண்டாவும் இருக்கவே முடியாது, அப்படி போட்டா ரீசனர் (கிராஃபை லாஜிக்படி சரிபாக்கற மென்பொருள்) முரண்பாடுன்னு சொல்லிடும். ரீசனர் ஓட்டாதவங்களுக்கு அதுவும் தெரியாது.

அடுத்தது தேதி, இதுல நான் நல்லா அடிபட்டிருக்கேன். ஒரு ப்ராஜெக்ட்ல டேட்டாபேஸை மாத்தறதா மார்ச் 12 மீட்டிங்ல முடிவாச்சு, சிஸ்டம்ல ஏத்தினது மார்ச் 20, அமலுக்கு வந்தது ஏப்ரல் 1. நாங்க வச்சிருந்தது ஒரே ஒரு தேதி ஃபீல்டு, அதுல 20ன்னு இருந்துச்சு. நடுவுல 15ஆம் தேதி ஒரு லோடு டெஸ்ட் ரிப்போர்ட் வந்துச்சு, ஏத்தினவர் நல்ல எண்ணத்துல அதையும் அந்த முடிவுக்கான ஆதாரம்னு இணைச்சுட்டார். பின்னாடி கிராஃபை பாத்த எல்லாரும் டெஸ்ட் பண்ணி பாத்துட்டுதான் முடிவெடுத்தாங்கன்னு நம்பினாங்க, உண்மைல அந்த ரிப்போர்ட் முடிவுக்கு 3 நாள் கழிச்சு வந்தது! முடிவெடுத்த நாள், பதிஞ்ச நாள், அமலான நாள், மூணையும் தனித்தனியா வைங்க. வச்சிருந்தா, ஒரு பொருள் உருவாகறதுக்கு முன்னாடி அதை யாரும் பயன்படுத்த முடியாதுங்கற ப்ராவ் விதியை வச்சே இதை பிடிச்சிருக்கலாம். ஆனா அந்த மாதிரி நேர விதிகள் ப்ராவ்-ஓ ஃபைலுக்குள்ள இல்ல, தனி ஆவணமா இருக்கு, ஆன்டாலஜி எழுதற மொழியான ஆவுலோட (OWL) சாதாரண ரீசனர் கண்டுக்காது, நாமதான் ஸ்பார்க்கிள்ல (SPARQL, கிராஃப்கிட்ட கேள்வி கேக்கற மொழி) குவெரி எழுதி செக் பண்ணனும்.

கைவிட்ட ஆப்ஷன்களை பதியாம விடறது இன்னொரு பெரிய தப்பு. ப்ராவ்-ஓல "மாற்று வழி", "வாதம்"ங்கறதுக்கெல்லாம் சொல்லே கிடையாது, அது அதோட வேலையும் இல்ல. அதனால பரிசீலிச்ச ஆப்ஷன் எல்லாத்தையும் "யூஸ்ட்"னு (முடிவெடுக்க பயன்படுத்தினதுன்னு சொல்ற ப்ராவ் உறவு) இணைச்சு விட்டா எது ஜெயிச்சுது எது தோத்துதுன்னே தெரியாது, காரணத்தை காமென்ட் ஃபீல்டுல ஒரு பத்தியா எழுதி வச்சா குவெரி பண்ண முடியாது. குன்ஸ், ரிட்டல்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1970லயே ஐபிஸ் (IBIS)னு, விவாதத்தை பதிய ஒரு முறை சொன்னாங்க: கேள்வி, அதுக்கான நிலைப்பாடுகள், ஒவ்வொண்ணுக்கும் ஆதரவாவும் எதிராவும் வாதங்கள். அந்த மூணையும் என்டிட்டிக்கு கீழ சின்ன கிளாஸா போட்டு, தேர்ந்தெடுத்தது, நிராகரிச்சதுன்னு ரெண்டு உறவு சேர்த்தாலே பாதி கேள்விக்கு பதில் வந்துடும்.

ஒரு மீட்டிங்ல ரிப்போர்ட் மேசைல இருந்துச்சுங்கறதுக்காக தீர்மானம் அதுலருந்து வந்துச்சுன்னு ஆகாது, பயன்படுத்தினதும் அதுலருந்து பிறந்ததும் வேற வேற. அதே மாதிரி முடிவு மாறினா பழைய நோடு மேலயே திருத்தாதீங்க, புது என்டிட்டி போட்டு "ரிவிஷன்"னு இணைங்க, பழையது என்னைக்கு செல்லாம போச்சுன்னும் குறிங்க. ரெண்டையும் "சேம்-ஆஸ்"னு (ரெண்டும் ஒரே பொருள்தான்னு சொல்ற ஆவுல் உறவு) இணைக்கவே கூடாது, இணைச்சா பழையதோட காரணமெல்லாம் புதுசுக்கும் ஒட்டிக்கும்.

காரணமே பதியாத முடிவு இருந்தா ஆவுல் எர்ரர் காட்டாது, இங்க இல்லைன்னா வேற எங்கயோ இருக்கும்னு எடுத்துக்கும், ஓப்பன் வேர்ல்டுன்னு சொல்ற அதோட அணுகுமுறை அப்படித்தான். விடுபட்டதை கண்டுபிடிக்க 2017ல வந்த ஷாக்கல் (SHACL) இருக்கு, கிராஃப்ல எதெல்லாம் இருக்கணும்னு "ஷேப்"ங்கற விதிகளா எழுதி சரிபாக்கற ஸ்டாண்டர்டு. ஆனா காரணம் கட்டாயம்னு ஷேப் போட்டு நிறுத்திடாதீங்க ப்ளீஸ், போட்டா ஜனங்க எதையாவது எழுதி ஃபீல்டை நிரப்பிடுவாங்க, அது வெத்து ஃபீல்டை விட மோசம். "காரணம் பதிவாகல"ங்கறதையும் செல்லுபடியாகற பதிலா வைங்க. அப்புறம் யாராவது பழைய மெயிலெல்லாம் படிச்சு இதுதான் காரணமா இருந்திருக்கும்னு எழுதினா, அதை தனி பண்டில்ல (ப்ராவ்ல ஒரு தொகுதி பதிவுகளுக்கு பேர் வச்சு தனியா வைக்கற வழி) போட்டு, எழுதினவர் யாரு, எப்போ எழுதினார், எந்த மெயிலை வச்சு எழுதினார்னு அந்த பண்டிலுக்கே ப்ராவனன்ஸ் குடுங்க. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்க சொன்ன காரணத்தோட அது ஒரே கிராஃப்ல கலக்கவே கூடாது.