சிகரெட்டை நிறுத்த விசுவாசத்தின் துணை

வேதாகமத்தில் புகையிலையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 1492-க்குப் பின்னரே ஐரோப்பியர் அதை அறிந்தார்கள். ஆகவே, புகைப்பது பாவமா என்று நேரடி வசனம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்னும் 19-ஆம் வசனத்தையே பலரும் நினைவூட்டுவார்கள், ஆனால் புகைக்கிறவரின் நிலைக்கு 12-ஆம் வசனமே நெருக்கமானது என்பது என் எண்ணம்: "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்." ஆலயத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு தாங்காமல் இன்னொன்றைப் பற்றவைப்பவர்கள் உண்டு; அடிமை என்ற சொல்லோ, கண்விழித்ததும் கை எதைத் துழாவுகிறது என்று கவனிக்கச் செய்கிறது. அந்த வசனத்தைச் சிறு தாளில் எழுதி, சிகரெட் பெட்டி இருந்த சட்டைப்பையிலேயே வையுங்கள்.

நிறுத்தும் நாளைக் குறித்துக்கொண்டு, முந்தைய இரவே லைட்டரையும் சாம்பல் கிண்ணத்தையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.

நிகோடின் கிடைக்காத உடலில் எரிச்சலும் தூக்கக் குறைவும் முதல் 2, 3 நாட்களில் உச்சத்தை எட்டி, பின்னர் சில வாரங்களில் படிப்படியாகத் தணியும். ஆனால் புகைக்கத் தூண்டும் ஒவ்வொரு வேட்கையும் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும் என்பதால், நீங்கள் ஜெபிக்க வேண்டியது வாழ்நாள் முழுமைக்கான வல்லமைக்காக அல்ல, அந்தச் சில நிமிடங்களுக்காகவே. 121-ஆம் சங்கீதத்தில் எட்டே வசனங்கள் உள்ளன. மூச்சை ஆழமாக இழுத்து, மெல்ல விட்டபின் ஒரு வசனத்தைச் சொல்லுங்கள். எட்டும் முடிவதற்குள் வேட்கை தளரத் தொடங்கியிருக்கும். இழுத்து விடுவது உங்களுக்குப் பழகிய வேலைதான், புகை மட்டுமே இல்லை. நண்பர் ஒருவர் சிகரெட்டை நீட்டும்போது அதற்கும் அவகாசமிராது. ராஜாவுக்குப் பதில் சொல்லுமுன் நெகேமியா செய்ததுபோல மனதுக்குள் ஒரு வரி ஜெபித்துவிட்டு, "வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறார் யாக்கோபு. சபை முழுவதற்கும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் தொலைபேசியை எடுக்கக்கூடிய, கடிந்துகொள்ளாத ஒரே ஒருவர் போதும்.

மருத்துவரை நாடி நிகோடின் பட்டையோ சூயிங்கமோ பெறுவதை விசுவாசக் குறைவாகக் கருதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பவுலின் உடனிருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

இடையில் தவறி ஒன்றைப் புகைத்துவிட்டால், நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்னும் நீதிமொழியை நினைத்துக்கொண்டு, பெட்டியில் மீந்திருப்பதைத் தண்ணீரில் நனைத்து எறிந்துவிட்டு, அந்த ஒருவரை அன்றைக்கே அழையுங்கள்.