வயரில் தொடங்கி சப்நெட் வரை: நெட்வொர்க்கிங் டிகிரி முதலாண்டுக்கு வீட்டிலேயே ஒரு லேப்

கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ், நெட்வொர்க்கிங் என்று டிகிரியில் சேர்ந்ததும் கையில் வந்து விழுவது, வயர் முதல் ஆப் வரை நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்குப் படம். அதை மனப்பாடம் செய்துவிட்டு பிராக்டிகலுக்குப் போகிற பிள்ளைகள், திரையில் "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்று வந்ததும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அந்த வரி ஒரு துப்பு. கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கப் பழகினால் ஏழு அடுக்கும் தானாக மனசில் உட்காரும். அதற்கு ஒரு வயர், ரெண்டு லேப்டாப், ஒரு வாரம் மாலை நேரம் போதும்.

வாங்க வேண்டியவை

கேட்6 கேபிள் 5 மீட்டர், ஆர்ஜே45 பிளக் 20, கிரிம்பிங் டூல், எட்டு விளக்கு டெஸ்டர், 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். பிளக்கை 20 என்று சொல்வதற்குக் காரணம், முதல் ஆறேழு கண்டிப்பாக வீணாகும்.

கேபிள் வாங்கும்போது ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்: சுத்தத் தாமிரம்தானா என்று கேளுங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே தாமிரம் பூசிய வயர் விலை குறைவாகக் கிடைக்கும். பிளேடால் கம்பியை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். நாலு தடவை மடக்கினால் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும். அப்புறம் கிரிம்பிங் சரியில்லை என்று உங்களையே நொந்துகொள்வீர்கள்.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் போல கடலோரத்தில் வீடு இருந்தால் பிளக்குகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் மலிவு பிளக்கின் ஊசிகள் சீக்கிரம் மங்கிப் பச்சை பிடிக்கும். நேற்று வேலை செய்த கேபிள் இன்று விட்டுவிட்டு வருவதற்கு அது ஒரு காரணம்.

லேப்டாப் எது வேண்டுமானாலும் சரி. பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் கேபிள் போர்ட் இருந்தால் அதுவே போதும். போர்ட் இல்லையென்றால் யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று.

படி 1: கிரிம்பிங்

மேலுறையை 3 செ.மீ. உரியுங்கள். நாலு ஜோடியையும் பிரித்து இந்த வரிசையில் அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதற்கு டி568பி என்று பெயர். பிளக்கின் கொக்கி கீழே, ஊசிகள் உங்களைப் பார்த்து, கேபிள் உங்கள் பக்கமிருந்து உள்ளே போகிற மாதிரி பிடித்தால் இடக்கோடியில் இருப்பது 1.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கேதான் இருக்கிறது. பச்சைக்குப் பக்கத்தில் பச்சை, நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் என்று ஜோடி ஜோடியாக அடுக்கினால் பார்க்க ஒழுங்காக இருக்கும். ரெண்டு முனையிலும் அதே மாதிரி செய்தால் டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரியும். கேபிள் சரி என்று நினைத்துவிடுவீர்கள், ஆனால் தப்பு. கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பது மட்டும்தான் டெஸ்டருக்குத் தெரியும். 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் வரவேண்டிய கம்பிகள். ஒன்று பச்சை ஜோடியிலும் மற்றது நீல ஜோடியிலும் போய்விட்டால், முறுக்கு எதற்காக இருக்கிறதோ அந்தப் பாதுகாப்பு போயே போச்சு. ஒரு மீட்டர் கேபிளில் இது தெரியாது. 30 மீட்டர் இழுத்தால் டேட்டா சிதறும், வேகம் இறங்கும். அதனால்தான் நீல ஜோடி நடுவில் உட்கார்ந்து, பச்சை ஜோடி அதைத் தாண்டி ரெண்டு பக்கமும் நிற்கிறது.

அடுக்கியதும் ஒரே வெட்டாக, 13 மி.மீ.க்கு மேல் முறுக்குப் பிரிந்து நிற்காதபடி நறுக்குங்கள். கம்பி முனைகள் பிளக்கின் மூக்குச் சுவரைத் தொடவேண்டும், மேலுறையும் பிளக்குக்குள் போகவேண்டும். உறை வெளியே நின்றால் ரெண்டு தடவை இழுத்ததும் கழன்றுவிடும்.

செருகியபின் விண்டோஸில் ஈதர்நெட் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். 1000 என்று வரவேண்டும். 100 என்று நின்றால் நீலம் அல்லது பழுப்பு ஜோடி விட்டிருக்கும், ஏனென்றால் 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலே கம்பி போதும், கிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேண்டும். (ஸ்விட்ச்சே 100 தானா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.)

கிராஸ் கேபிள் செய்யச் சொல்லித் தேர்வில் கேட்பார்கள். ஒரு முனை டி568ஏ, மறுமுனை டி568பி, அதாவது ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். இன்றைய கிகாபிட் போர்ட்டுகள் தாங்களே மாற்றிக்கொள்வதால் வீட்டில் இதற்குத் தேவை வராது.

படி 2: முகவரி கொடுத்தல், பிங் அடித்தல்

ஒரு லேப்டாப்புக்கு 10.10.10.1, இன்னொன்றுக்கு 10.10.10.2, ரெண்டுக்கும் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்குக்கு என்று சொல்லும் எண்) 255.255.255.0. கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) காலியாகவே இருக்கட்டும். கமாண்ட் திரையில் ஐபிகான்ஃபிக் அடித்து உறுதி செய்யுங்கள். 169.254 என்று தொடங்கும் எண் தெரிந்தால் நீங்கள் கொடுத்த முகவரி சேமிக்கப்படவில்லை, விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி பிங், அதாவது எதிர்ப்பக்கத்துக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. என்ன பதில் வருகிறது என்பதைப் பாருங்கள்.

"டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று உங்கள் சொந்த ஐபியிலிருந்தே வந்தால், "10.10.10.2 யாரப்பா?" என்று உங்கள் லேப்டாப் கூவிய ஏஆர்பி கேள்விக்கு (ஐபியைச் சொல்லி, அந்த நெட்வொர்க் கார்டின் சொந்த எண்ணான மேக் முகவரியைக் கேட்பது) யாரும் பதில் சொல்லவில்லை. கேபிள், ஸ்விட்ச், இல்லையென்றால் எதிர்ப்பக்கம் தவறான ஐபி. கீழ் அடுக்கில் தேடுங்கள்.

"ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்று வந்தால் உடனே கேபிளைப் பிடுங்காதீர்கள். ஏஆர்பி -ஏ என்று அடியுங்கள். பட்டியலில் 10.10.10.2-க்கு நேரே மேக் முகவரி இருந்தால் வயர் நன்றாக இருக்கிறது, இரண்டாம் அடுக்கு வரை சரி. எதிர் லேப்டாப்பின் ஃபயர்வால்தான் பிங்கை விழுங்குகிறது. விண்டோஸ் ஃபயர்வாலில் இன்பவுண்ட் ரூல்ஸ் போய் "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங், எக்கோ ரிக்வெஸ்ட், ஐசிஎம்பிவி4-இன்" என்ற வரியை எனேபிள் செய்யுங்கள். அதே பெயரில் ஒன்றுக்கு மேல் வரிகள் இருக்கும். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும், ஆகவே புரொஃபைல் பத்தியில் பப்ளிக் என்ற சொல் உள்ள வரி வேண்டும். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது கெட்ட பழக்கம். பிறகு திரும்பப் போட மறந்துபோகும்.

"டிரான்ஸ்மிட் ஃபெயில்ட், ஜெனரல் ஃபெயிலியர்" என்று வந்தால் பாக்கெட் உங்கள் லேப்டாப்பை விட்டே கிளம்பவில்லை. எதிராளி வேறு சப்நெட்டில் (நெட்வொர்க்கின் வேறு துண்டில்) இருக்கிறார், போக வழி இல்லை. மாஸ்க்கைப் பாருங்கள்.

படி 3: சப்நெட்

ஒரு கணக்கு. காசிமேட்டில் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு 50 கருவி, ஐஸ் ஆலைக்கு 25, கேமராக்களுக்கு 10. கையில் இருப்பது 192.168.10.0/24, அதாவது கடைசி இடத்தில் 0 முதல் 255 வரை 256 எண்கள்.

பைனரியில் எட்டு எட்டாக எழுதிக் கழிப்பதைவிட, தொகுதி அளவு வழிதான் தேர்வு நேரத்தில் கைகொடுக்கும். 50-க்கு மேல் வரும் இரண்டின் அடுக்கு 64. அது /26 (முகவரியின் 32 பிட்டில் முதல் 26 நெட்வொர்க்குக்கு), மாஸ்க்கின் கடைசி எண் 256 - 64 = 192. இப்படியே 25-க்கு 32, /27, 224. 10-க்கு 16, /28, 240. ஒவ்வொன்றிலும் முதல் எண் நெட்வொர்க்குக்கு, கடைசி எண் பிராட்காஸ்டுக்கு (எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப). ஆகவே 64-இல் 62 மட்டுமே கருவிகளுக்கு.

பெரியதிலிருந்து சிறியதுக்கு வாருங்கள்: அலுவலகம் 0 முதல் 63, ஐஸ் ஆலை 64 முதல் 95, கேமரா 96 முதல் 111. முடிந்தது.

சிறியதிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் பாருங்கள். கேமராவுக்கு 0 முதல் 15 கொடுத்துவிட்டு அலுவலகத்துக்கு 192.168.10.16/26 என்று எழுதுவார்கள். அப்படி ஒரு நெட்வொர்க்கே கிடையாது. 64 அளவுத் தொகுதி 0, 64, 128, 192 ஆகிய இடங்களில் மட்டும்தான் தொடங்க முடியும். 16 என்பது 0 முதல் 63 வரையான தொகுதியின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சாதாரண எண். கேமராவின் எண்களும் அதே வயிற்றுக்குள்தான் இருக்கின்றன, ரெண்டும் மோதும். விடைத்தாளை மடிக்கும் முன் ஒவ்வொரு தொடக்க எண்ணையும் அதன் தொகுதி அளவால் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் தப்பு.

படி 4: பாக்கெட் டிரேசர்

திரையிலேயே ரவுட்டர், ஸ்விட்ச் வைத்துப் பழகும் இந்த மென்பொருளை சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசக் கணக்குத் தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். முதலாண்டுக்கு ஜிஎன்எஸ்3 என்ற இதே வகை மென்பொருள் வேண்டாம். அது நல்ல கருவிதான், ஆனால் ராம் நிறையக் கேட்கும், ரவுட்டர் இமேஜுக்கும் அலையவேண்டும். பாக்கெட் டிரேசரில் நன்றாகக் கை பழகியபிறகு போங்கள்.

இங்கே தடுக்குபவை சின்னச் சின்ன விஷயங்கள். ஸ்விட்ச்சில் வயர் செருகியதும் முக்கோணம் ஆரஞ்சாக நிற்கும். ஸ்பேனிங் ட்ரீ (பாக்கெட் வட்டமடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்விட்ச்சின் ஏற்பாடு) 15 விநாடி காதுகொடுத்துக் கேட்கிறது, 15 விநாடி கற்கிறது. அந்த 30 விநாடிக்குள் பிங் அடித்துவிட்டுத் தோற்றோம் என்று எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். ரவுட்டரின் இன்டர்ஃபேஸ்கள் அணைந்தே வரும், நோ ஷட்டவுன் கொடுக்கவேண்டும். முதல் பிங் ஒன்று தவறிவிட்டு மற்றவை வந்தால் அது ஏஆர்பி நேரம், பிழை இல்லை.

விலேன்களை (ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகளை) ஒரே ரவுட்டர் போர்ட் வழியாக இணைக்கும் பயிற்சியில், சப் இன்டர்ஃபேஸுக்குள் (அந்தப் போர்ட்டின் உட்பிரிவுக்குள்) போனதும் முதலில் என்காப்சுலேஷன் டாட்1க்யூ, அதன்பின் விலேன் எண். அதற்கு அப்புறம்தான் ஐபி. வரிசை மாறினால் ரவுட்டர் ஐபியை ஏற்காது. ரவுட்டரைப் பார்த்த ஸ்விட்ச் போர்ட் டிரங்க்காக (பல விலேன்களைச் சுமப்பதாக) இருக்கவேண்டும். முடித்ததும் ரன்னிங் கான்ஃபிக்கை ஸ்டார்ட்அப் கான்ஃபிக்குக்கு நகலெடுங்கள். இல்லையென்றால் ரவுட்டரை அணைத்துப் போட்டதும் உழைப்பு எல்லாம் போகும்.

படி 5: வயர்ஷார்க்

மறுபடி உண்மையான லேப்டாப்புகளுக்கு வாருங்கள். அட்மின் அனுமதியோடு கமாண்ட் திரையைத் திறந்து ஏஆர்பி அட்டவணையை அழித்துவிட்டு, வயர்ஷார்க்கை (வயரில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டு, ஒரு பிங் அடியுங்கள். முதலில் ஏஆர்பி கேள்வி, பதில். அடுத்து நாலு எக்கோ கேள்வி, நாலு பதில். ஒரு எக்கோவைத் திறந்தால் நீளம் 74 பைட் என்றிருக்கும். கூட்டிப் பாருங்கள்: ஈதர்நெட் தலைப்பு 14, ஐபி 20, ஐசிஎம்பி 8, உள்ளே சரக்கு 32. அந்தச் சரக்கு என்ன என்று கீழ்ப்பகுதியில் பார்த்தால், ஆங்கில ஏ-யிலிருந்து டபிள்யூ வரை எழுதி, மறுபடி ஏ-யிலிருந்து ஐ வரை எழுதியிருக்கும். 23-ம் 9-ம் 32. அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று பொதிந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

பின்னர் சேர்த்தது

"கேபிளைப் பிடுங்கினாலும் பிங் வருகிறதே" என்று சிலர் கேட்டார்கள். படி 2-இல் 10.10.10 என்று கொடுத்ததற்குப் பதில் 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்திருக்கிறார்கள். வீட்டு வைஃபையும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் ஓடும். லேப்டாப் வைஃபையில் இருந்தால் பிங் அந்த வழியாகப் போய், அதே எண் வைத்திருக்கும் வேறு கருவி பதில் சொல்லிவிடலாம், உங்கள் கேபிள் சும்மா கிடக்கும். லேப் செய்யும் நேரத்தில் வைஃபையை அணைத்து வையுங்கள்.

யுஎஸ்பி அடாப்டர் போட்டவர்களுக்கு: வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாற்றிச் செருகினால் விண்டோஸ் சில சமயம் அதைப் புது இணைப்பாக எடுத்துக்கொண்டு, கொடுத்த ஐபியை மறந்துவிடும். ஒரே போர்ட்டில் வையுங்கள். மறுபடி 169.254 தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.