நீள்வட்ட கேலக்ஸியில் இளம் விண்மீன்கள்: எங்கே ஏமாறுகிறோம்?

நீள்வட்ட கேலக்ஸி என்றாலே வாயு தீர்ந்துபோய் முதிய விண்மீன்கள் மட்டும் எஞ்சிய இடம் என்று பழகிவிட்டோம். முதல் தவறு அதுதான். அருகிலுள்ள 260 நீள்வட்ட, வில்லை வடிவ கேலக்ஸிகளை அட்லஸ் 3டி ஆய்வு அலசியபோது, ஏறத்தாழ 22 சதவீதத்தில் கார்பன் மோனாக்சைடின் ரேடியோ அலை பதிவானது. விண்மீன்களுக்கு மூலப்பொருளான குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு தன்னை வெளிக்காட்டாது. அதைக் காட்டிக்கொடுப்பது கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு. மற்றவற்றில் வாயுவே இல்லை என்று எழுதிவிடவும் கூடாது. கருவிக்கு எட்டாத அளவில் இருக்கலாம்.

இதற்கு நேரெதிரான தவறில்தான் தேர்ந்தவர்களும் சறுக்குவார்கள்: புற ஊதா ஒளியைக் கண்டதும், அது சூடான இளம் விண்மீன்களுடையது, அங்கே விண்மீன்கள் பிறக்கின்றன என்று முடிவுகட்டுவது. 1968 இறுதியில் ஏவப்பட்ட ஓஏஓ-2 செயற்கைக்கோள் அண்டை கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைப் பார்த்தபோதே இந்தச் சிக்கல் தலைகாட்டியது. முதிய விண்மீன்கள் நிறைந்த அந்த இடத்தில், தொலை புற ஊதாவில் (புற ஊதாவின் குறுகிய அலைநீளப் பகுதி) அலைநீளம் குறையக் குறைய வெளிச்சம் கூடியது. மேலுறையைப் பெரும்பாலும் இழந்து, உள்ளே ஹீலியத்தை எரிக்கும் சூடான முதிய விண்மீன்களே இதற்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கன்னிக் கொத்து என்னும் கேலக்ஸிக் கூட்டத்திலுள்ள மெஸ்ஸியர் 60 என்ற நீள்வட்ட கேலக்ஸி இதற்குப் பேர்போனது.

ஆகவே தொலை புற ஊதாவை மட்டும் நம்பக் கூடாது. அருகு புற ஊதாவையும் (கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய பகுதி) சிவப்பு ஒளியையும் ஒப்பிடும் நிறக்குறியீடு (எண் குறைந்தால் புற ஊதா கூடுதல்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், முதியவர்களை மட்டும் சாட்சிக்கு அழைத்துச் சமாளிக்க முடியாது. படத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஆண்ட்ரோமீடாவின் துணையான என்ஜிசி 205 என்னும் குறு நீள்வட்டத்தின் நடுவில் நீல விண்மீன்களும் தூசு மேகங்களும் திட்டுத்திட்டாகத் தெரியும். முதியவற்றின் ஒளியோ சீராகப் பரவியிருக்கும். நாசாவின் கேலெக்ஸ் புற ஊதா விண்வெளித் தொலைநோக்கியின் கூர்மை சுமார் 5 வில்விநாடி (வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு; எண் சிறிதானால் கூர்மை அதிகம்). 2015-இல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்கு அது 1.5 வில்விநாடி. திட்டுகளுக்கும் சீரான ஒளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிய அந்தக் கூர்மை பெரிதும் உதவும்.

வயதுக் கணக்கிலும் எச்சரிக்கை தேவை. இளம் விண்மீன்கள் நிறையில் ஒன்றிரண்டு சதவீதமே இருந்தாலும் நீல ஒளியில் அவற்றின் கையே ஓங்கும். ஒளியை வைத்துக் கணக்கிட்ட சராசரி வயது குறைவாக வந்தால், கேலக்ஸி முழுவதும் அண்மையில் உருவானது என்று பொருளில்லை. விண்மீன் பிறப்பின் அடையாளமாகக் கொள்ளப்படும் அயனி வாயுவின் ஒளிர்வும் அப்படித்தான். முதிய விண்மீன்களோ மையக் கருந்துளையோகூட அதைத் தூண்டலாம்.

வாயு எங்கிருந்து வந்தது? இறக்கும் விண்மீன்கள் உதிர்த்தது என்று உடனே சொல்லிவிடுகிறோம். அப்படியானால் அது விண்மீன்களோடு ஒரே திசையில் சுழல வேண்டும். கேலக்ஸிக் கொத்துகளுக்கு வெளியே உள்ள இத்தகைய கேலக்ஸிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் வாயு அப்படிச் சுழல்வதில்லை. சிலவற்றில் வாயு எதிர்த்திசையிலேயே ஓடுகிறது. அந்த வாயு வெளியிலிருந்து வந்தது. கன்னிக் கொத்துக்குள் இந்த முரண் அரிது.